உப்புச் செவ்வாய்

மலை மேலே பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி, கியா பார்முக்கு ஏறுகிற பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் வரும். அங்கே பனி மற்ற இடங்களில் இறங்குகிற மாதிரி இறங்காது. கொழுந்துக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தராசில் வைத்தால் கணக்கெழுதுகிற கிராணியார் எடை போட்டுவிடுவார், அவ்வளவு கெட்டி. எதிரே வருகிற ஆள் யாரென்று தெரிய வேண்டுமானால் மூக்கும் மூக்கும் இடிக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் ஜனம் முழுக்க அந்தப் பனியைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் ரஞ்சிதம் ஒருத்திதான் அதைக் கும்பிட்டாள். கீழே இரண்டாம் டிவிஷனில் அவள் நாத்தனார் ஜெயா குடியிருந்தாள். திருவிழா, கல்யாணம் என்று இரண்டு டிவிஷனும் கூடுகிற நாட்களில், பனி புண்ணியத்தில் ஜெயாவைப் பார்க்காத மாதிரியே கடந்து போய்விடலாம்.

சண்டை ஒரு சேலையில் ஆரம்பித்தது. ஜெயாவின் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீராக ரஞ்சிதத்தின் புருஷன் முனியாண்டி கொண்டுபோன தட்டில் இருந்த சேலையை ரஞ்சிதம்தான் ஈப்போ வரைக்கும் போய், கடைக்காரன் அலமாரியையெல்லாம் கவிழ்த்துப் போட்டுத் தேர்ந்தெடுத்தாள். ஜெயா அதைப் பந்தலில் விரித்துப் பார்த்துவிட்டு, லோரியில் தேயிலை மூட்டை மேல் போடுகிற படங்கு மாதிரி இருக்கிறதே என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஜெயா மெதுவாகச் சொல்வது தானா ராத்தா டவுன் வரைக்கும் கேட்கும். அன்றைக்கு நின்ற பேச்சு அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இப்படி எல்லாம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வருஷம் ஆடி பிறக்கிற சமயத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கிராணியார் ஒரு சேதி சொன்னார். மலைக்கு உள்ளே இருக்கிற தண்ணீரையும் மேலே ஓடுகிற தண்ணீரையும் அளந்து, தரம் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறது. மேலே காய்கறித் தோட்டங்கள் பெருத்து, கோழி எரு மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிறதால் இந்த ஏற்பாடு. எந்த லயத்துத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று தெரிகிறதோ அந்த லயத்தை மூடிவிட்டு, ஆட்களைத் தண்ணீர் நன்றாக இருக்கிற லயத்துக்கு மாற்றுவதாகத் துரை முடிவு செய்திருக்கிறார்.

வரிசையில் நின்ற ரஞ்சிதத்துக்குத் துரை முடிவு செய்தது மட்டும்தான் காதில் விழுந்தது. மாற்றினால் இரண்டாம் டிவிஷனுக்குத்தான் மாற்றுவார்கள். அங்கே ஆள் இல்லாத வீடுகள் இருந்தன. அதில் ஜெயா வீட்டோடு ஒட்டிய வீட்டைத்தான் முனியாண்டி கேட்டு வாங்குவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. லயத்து வீடுகளுக்கு நடுவே இருப்பது சுவர் என்று பெயருக்குச் சொல்வது. இந்தப் பக்கம் ஒருத்தி தும்மினால் அந்தப் பக்கம் விளக்கு அணையும்.

அன்று சாயங்காலம் முனியாண்டி நெத்திலிச் சம்பலில் ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டே, போனால்தான் என்ன என்று ஆரம்பித்தான். தேயிலை ஆலையில் உலர்த்துகிற தட்டில் நின்று நின்று அவனுக்கு எல்லாமே மெதுவாக உலர்ந்து வந்தால் போதும் என்கிற சுபாவம்.

"ஜெயா பக்கத்துல இருந்தா உனக்கும் ஒத்தாசையா இருக்கும்லா, ரஞ்சிதம்."

"எனக்கு ஒத்தாசைக்குத்தான் சாமி ரெண்டு கையக் குடுத்திருக்குங்க. உங்க தங்கச்சிக்கு அந்தக் கையையும் நாக்காவே குடுத்திருச்சு."

"தண்ணி கெட்டுப் போச்சுன்னா வேற என்னா செய்றது?"

"நம்ம தண்ணி கெடாது. கெட்டாலும் நான் விடமாட்டேன்."

ஒரு மலை முழுக்க ஓடுகிற தண்ணீரை இவள் எப்படிக் கெடவிடாமல் செய்வாள் என்று அவன் கேட்கவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட பாடங்களில் அது முதல் பாடம்.

ஆடி முதல் செவ்வாய்க்கிழமை லேண்ட்ரோவர் வந்தது. இறங்கியவர் இஞ்சே கமருஸ்ஸமான்; இஞ்சே என்றால் மலாயில் ஐயா. ஈப்போ ஆபீசிலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரி. ஒல்லியான, சாதுவான இளைஞர். இவ்வளவு ஒல்லியான உடம்பில் இவ்வளவு பெரிய மரு எப்படி ஏறி உட்கார்ந்தது என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். தாடையில் இருந்தது அது. நாவல் பழம் அளவு என்று சாரதா சொன்னாள். மங்குஸ்தீன் என்று சொன்னவர்களும் உண்டு. கூட வந்த உதவியாள் சிவசாமி, தாப்பா பக்கத்துப் பையன். பெட்டியும் வாளியும் அவன் தலையில்.

ரஞ்சிதமும் பக்கத்து வீட்டுச் சாரதாவும் அன்றைக்கு ஆற்றுக்கு மேல் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்கில் பனி ஈரம் சொட்ட, விரல் பாட்டுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடைக்குப் பின்னால் எறிய, கண் நாலும் கீழேதான். லயத்துக் குழாய்க்கு அந்த ஆற்றிலிருந்துதான் தண்ணீர். குழாய் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பெரிய மரத்தடியில், தோட்டம் வெட்டிய காலத்தில் நட்ட மாரியம்மன் கல் இருந்தது.

இஞ்சே அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து சப்பாத்தைக் கழற்றினார். கால்சட்டையை மடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஆற்றில் இறங்கினார். ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து மூடி வைத்தார். பிறகு சிவசாமி வாளித் தண்ணீரில் ஒரு பை நிறையக் கல்லுப்பைக் கொட்டிக் கலக்கிக் கொடுக்க, அதை இரண்டு கையாலும் வாங்கி, அம்மன் கல்லுக்கு நேரே ஆற்றில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, குழாய்க்கும் கீழே இருக்கிற பாலம் வரைக்கும் இறங்கிப் போய், ஒரு பெட்டியிலிருந்து வந்த கம்பியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றார். கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகள் முணுமுணுத்தன.

சாரதா கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். ஊரிலிருந்து கப்பலேறி வந்த காலத்திலிருந்து இருக்கிற வழக்கம் அது. அம்மனுக்கு உப்பு வாங்கித் தண்ணீரில் விட்டால், உப்பு கரைகிற மாதிரி மருவும் கட்டியும் மனக்கஷ்டமும் கரையும்.

"நேத்திக்கடன், ரஞ்சிதம். அந்த மருவுக்குத்தான்."

"அவரு மலாய்க்காரர்லா."

"அதனால என்னா? ஆத்தா ஐசி கார்டு பாத்தா வரம் குடுக்குறா?"

ரஞ்சிதத்துக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மத்தியானம் ஒரு தூக்கில் கேழ்வரகுக் கூழ் எடுத்துக்கொண்டு, வேவு பார்க்கிற மாதிரி இறங்கிப் போனாள். இஞ்சே நெஞ்சில் கை வைத்து, புவாசா என்று சிரித்தார். நோன்பு மாதம், தெரிந்த விஷயம்தான். சிவசாமி மட்டும் அந்தக் கூழைத் தூக்கோடு கவிழ்த்துக் குடித்தான். மேலே ஏறி வந்த ரஞ்சிதம், புவாசா என்றால் சாப்பிடாமல் இருக்கலாம், அதற்கு எதற்கு உப்பு, எதற்குச் செவ்வாய்க்கிழமை, எதற்கு வெறுங்கால் என்று யோசித்து யோசித்து, அன்று நிறுவைக்கு வழக்கத்தில் பாதிக் கொழுந்துதான் கொண்டுபோனாள்.

அடுத்த செவ்வாய் இஞ்சே வந்தபோது மரு இல்லை.

இருந்த இடத்தில் ஒரு சின்னச் செம்புள்ளி மட்டும். அந்தச் சேதி பாலத்திலிருந்து லயத்துக்குப் போன வேகத்துக்குத் தந்தி ஆபீசை மூடிவிடலாம். கொழுந்து மலையில் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கத்தினதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்னியராகப்பட்ட ஒருத்தர் ஒரே ஒரு பை உப்பு போட்டதற்கே அம்மன் இப்படிச் செய்தாள் என்றால், பிறந்ததிலிருந்து அவளுக்குக் கூழ் ஊற்றுகிற நமக்கு என்ன செய்யமாட்டாள் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பே இல்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை விடிந்தால் பெரட்டுக்குப் போகுமுன் லயமே ஆற்றங்கரையில் நின்றது. முட்டிவலிக்கு ஒரு பை. மகள் கல்யாணத்துக்கு இரண்டு பை. சாரதாவின் மகன் மூன்று தரம் எழுதியும் தேறாத பரீட்சைக்கு ஒரு மூட்டை. அவனை முதுகில் சுமக்க வைத்துத்தான் கொண்டுவந்தாள். மண்டோர்கூட முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார், என்ன வேண்டுதல் என்று மட்டும் சொல்லவில்லை. ரஞ்சிதம் ஈரத் துணியோடு நின்று, லயத்தை மாற்றக் கூடாது, ஜெயா முகத்தில் விழிக்கக் கூடாது என்று கைநிறைய அள்ளி அள்ளிக் கரைத்தாள். கடைசியில், போதாதோ என்று தோன்றி, பையையும் உதறினாள்.

பிரிஞ்சாங்கில் மளிகைக்கடை வைத்திருந்த சலீமுக்குத் தலைகால் புரியவில்லை. ரம்ஜான் சாமான்களுக்கு வைத்திருந்த இடத்திலெல்லாம் உப்பு மூட்டை அடுக்கினார். அதுவும் தீர்ந்து, தாப்பாவிலிருந்து லோரி வரவழைத்தார்.

"ஏம்மா, மலை உச்சில யாரு கருவாடு போடுறீங்க?" என்று ரஞ்சிதத்திடம் கேட்டார். "சொன்னா நான் மீனும் வரவழைப்பேன்லா."

குழாய்த் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்பு போடுகிற வேலை மிச்சம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தேத்தண்ணீரில் எவ்வளவு சீனி போட்டாலும் மோர் மாதிரிதான் இருந்தது. முனியாண்டி அதைக் குடித்துவிட்டு ஒரு தரம் முகத்தைச் சுளித்தான். அம்மன் அருளைச் சுளிக்கிறீர்களா என்று அவள் கேட்டதும் இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தான்.

ஆற்றில் நின்ற இஞ்சேக்குத்தான் பாவம், ஒன்றும் விளங்கவில்லை. அவர் உப்பை ஊற்றுவதற்கு முன்பாகவே பெட்டியின் முள் எகிறிக் கண்ணாடியில் முட்டியது. பெட்டியைத் தட்டினார். பாட்டரியை மாற்றினார். வேறு பெட்டி கொண்டுவந்தார், அதுவும் எகிறியது. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே கடலைக் கண்டுபிடித்த முதல் ஆள் என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஆடி முடியப் போகிற சமயம் ஒரு செவ்வாய் மத்தியானம், இஞ்சே நோன்புக் களைப்பில் லேண்ட்ரோவரிலேயே கண்ணயர்ந்துவிட, சிவசாமி ரஞ்சிதத்தின் வாசலில் வந்து பசியாற ஏதாவது இருக்கிறதா என்று தலையைச் சொறிந்தான். கூழ் கொடுத்த நாளிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிடுகிறான். அவள் இரண்டு தோசையும் தேத்தண்ணீரும் வைத்து, தண்ணீர் சோதனை எப்படிப் போகிறது என்று போகிறபோக்கில் கேட்டாள்.

"உங்க லயம் கதை முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க, அக்கா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணில உப்பு ஏறிக்கிட்டே போவுது. இப்படி ஏறுச்சுன்னா மேல எங்கயோ கக்கூசு, மாட்டுக்கொட்டா, கோழி எரு எல்லாம் கலக்குதுன்னு அர்த்தம். அதுலயெல்லாம் உப்பு இருக்கும்லா. இஞ்சே அப்படித்தான் எழுதப் போறாரு."

"நீங்களுந்தானே தம்பி உப்பு கொட்டுறீங்க?"

"அது அளவுக்கு. அளந்து போட்ட உப்பு கீழ பாலத்துக்கு வரும்போது எவ்வளவு நீத்துப் போவுதுன்னு பாத்தா, ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு தெரியும். கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாரே, அது நேரம் எண்ணுறாரு."

ரஞ்சிதத்துக்குத் தரை நழுவியது. கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அப்ப அந்த மருவு?"

"ஈப்போ ஆஸ்பத்திரில சுட்டு எடுத்தாங்க. ஏன்?"

அவள் சொன்னாள். லயமே உப்பு போடுகிற கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள், தன் பையை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கி. சிவசாமி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. கரிப்புத் தேத்தண்ணீர் ஆனதால் அவனுக்குக் கண்ணும் எரிந்தது. அவள் சிரிக்கவில்லை. இதை அப்படியே இஞ்சேயிடம் சொல்லிவிடு தம்பி என்று கெஞ்சினாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"சொல்லலாம் அக்கா. ஆனா பேப்பர்ல போத்தல்ல இருக்கிறதத்தான் எழுத முடியும். வர்ற செவ்வாதான் கடைசி. அன்னிக்கு மட்டும் தண்ணி சுத்தமா ஓடுச்சுன்னா, மத்ததெல்லாம் மிசின் கோளாறுன்னு அவரே எழுதிருவாரு. மிசின் மேலதான் அவருக்குச் சந்தேகம்."

அந்த வாரம் முழுக்க ரஞ்சிதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு செவ்வாய் மட்டும் உப்பு போடாமல் இருங்கள் என்றாள். ஒருத்தரும் மசியவில்லை. ஆடியில் எல்லாச் செவ்வாயும் போடுவதாக நேர்ந்துகொண்டாயிற்று. கடைசியை விட்டால் முன்னால் போட்டதெல்லாம் வீண், குற்றமும் சேரும். ஒருத்தி தன் மகளைப் பெண் பார்க்கக் கோலா தெர்லாவிலிருந்து ஆள் வருகிற நேரத்தில் கண் வைக்கிறாயா என்று கேட்டே விட்டாள். மரு ஆஸ்பத்திரியில் போனது என்று ரஞ்சிதம் சாரதாவிடம் சொல்லிப் பார்த்தாள். சாரதா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற புத்திய அவருக்கு யாரு குடுத்தா?"

அதற்குமேல் பேச உலகத்தில் எந்த வக்கீலாலும் முடியாது. மனுஷி சொல்லிக் கேட்காதவர்கள் யார் சொன்னால் கேட்பார்கள் என்று யோசித்தபடியே ரஞ்சிதம் கொழுந்து எடுத்தாள். யோசனை முடிந்தபோது கூடை நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். இரண்டு டிவிஷனும் ஆற்றங்கரையில் கூடியிருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பனி இல்லை; நல்ல வெயில். உறுமி மேளம் ஏற ஏற, வழக்கம்போல் சாமி வருவதற்குப் பூசாரி இராமையா தயாராகி, வேட்டியை இறுக்கிக் கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் அம்மன் வந்தால் இராமையா மேல்தான் வருவாள். வேறு வீடு அவளுக்குத் தெரியாது. அவர் முதல் குதி குதிக்கக் காலைத் தூக்கின நேரத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. அதைக் கேட்டு உறுமிக்காரன் குச்சியைத் தவறவிட்டான். தூரத்து லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோசு வெட்டிக்கொண்டிருந்த சீனர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

ரஞ்சிதம் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு நடுவே வந்தாள்.

இராமையா தூக்கின காலை இறக்காமல் பார்த்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை. வந்திருப்பது யார், அத்தாட்சி என்ன என்று கேட்டு, சூடத்தைக் கொளுத்தி அவள் உள்ளங்கையில் வைத்தார். ரஞ்சிதம் சிறுவயதிலிருந்து தேயிலைக் கிளையோடு மல்லுக்கட்டின கை அது. அதில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். சூடம் எரிந்து, அணைந்து, கரியாகிக் காற்றில் போயிற்று. அவள் இமைக்கவில்லை. இராமையா காலை இறக்கிக் கையைக் கூப்பினார்.

"எனக்கு உப்பு போடுறீங்க," என்றாள் அம்மன், தொண்டையைக் கரகரக்க வைத்துக்கொண்டு. "என் தலைமேலயா போடுவீங்க? என் கண்ணு எரியுது. இனிமே பாலத்துக்குக் கீழ, என் காலடில போடுங்க."

 கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் மழை மாதிரி கேட்டது. இத்தனை வாரமாக அம்மன் கண்ணில் உப்பைக் கொட்டியிருக்கிறோமே என்று சாரதா அழுதேவிட்டாள். காரியம் முடிந்தது, ரஞ்சிதம் மலையேறிவிடலாம் என்று பார்த்தாள். ஆனால் வந்த அம்மனைச் சும்மா விடுகிற ஊர் எங்கே இருக்கிறது. வரிசை கட்டிவிட்டார்கள். மாடு எப்போது கன்று போடும், மகன் சிங்கப்பூரிலிருந்து எப்போது திரும்புவான், மண்டோர் வேலை யாருக்கு வரும். எல்லாவற்றுக்கும் அவள் தை மாசம், தை மாசம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தபோது, காலில் ஒருத்தி சாஷ்டாங்கமாக விழுந்தாள். எழுந்த முகம் ஜெயாவுடையது.

விபூதியோடு பக்கத்தில் நின்ற முனியாண்டி தட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"தாயே," என்றாள் ஜெயா, இரண்டு டிவிஷனுக்கும் கேட்கிற மெதுவான குரலில். "எங்க அண்ணி எங்கூட பேசுறதில்ல. அண்ணன் வீட்டு வாசல மிதிச்சு வருசக்கணக்காச்சு. அவங்க மனச நீதான் மாத்தணும்."

அம்மன் ஆடுவதை நிறுத்திவிட்டாள். உறுமி ஓய்ந்தது. ரஞ்சிதம் சிவந்த கண்ணை ஜெயாவின் பக்கம் திருப்பினாள். அந்த இடத்தில் ஒரு பேச்சு சொல்லி முடித்துவிட்டு மலையேறியிருக்கலாம். முடியவில்லை.

"அந்தச் சேலைய நீ என்னான்னு சொன்ன?"

கூட்டத்தில் பலருக்கு எந்தச் சேலை என்று புரியவில்லை. அம்மனுக்குத் தெரியாத சேலை உண்டா என்று பக்தியோடு நின்றார்கள். ஜெயாவின் முகம் மாறியது. அண்ணியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையை இன்னும் உயரக் கூப்பினாள்.

"படங்கு மாதிரி இருக்குன்னு சொன்னேன் தாயே."

"அது படங்கா?"

"இல்ல தாயே."

"பின்ன என்னா?"

"பட்டு, தாயே. நல்ல பட்டு. இப்பவும் பொட்டில மடிச்சு வச்சிருக்கேன்."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

சொன்னாள். ஆலைச் சங்கு ஊதின மாதிரி சொன்னாள். அதைக் கேட்ட பிறகு அம்மனின் முகத்தில் வந்த சாந்தம், வரைந்து மாட்டியிருக்கிற படங்களில்கூடக் காணக் கிடைக்காதது.

"அப்ப அண்ணி பேசுவாங்களா தாயே?" என்று ஜெயா விடாமல் கேட்டாள்.

ரஞ்சிதம் எதிர்பாராதது அது. மாட்டேன் என்று அம்மன் எப்படிச் சொல்வாள். விபூதியை அள்ளி ஜெயாவின் நெற்றியில் தேவைக்கு மேலேயே அழுத்திப் பூசி, பேசுவாள், நேரம் வரும்போது பேசுவாள் என்று சொல்லிவிட்டு, பொத்தென்று முனியாண்டி மேல் சாய்ந்தாள். அவன் தாங்கிப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில் மட்டும், அம்மனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டு, கரண்டியால் ஒன்று வாங்கினான்.

கடைசிச் செவ்வாய் விடிந்தபோது ஜனம் முழுக்கப் பாலத்துக்குக் கீழே நின்றது. அங்கே மேளதாளத்தோடு உப்பு கரைந்தது. ஆற்று மீனுக்கெல்லாம் அன்றைக்குத் தாகம் எடுத்திருக்கும். பாலத்துக்கு மேலே, அம்மன் கல்லடியில், இஞ்சே கமருஸ்ஸமான் கம்பியைத் தண்ணீரில் விட்டார். முள் அசையவில்லை. பெட்டி செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். உப்பை ஊற்றிவிட்டுப் பாலத்தடிக்கு வந்து பார்த்தார்; முள் மரியாதையாக எழுந்து, மரியாதையாக உட்கார்ந்தது. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். கீழே என்ன கூட்டம் என்று கேட்டதற்குச் சிவசாமி, உள்ளூர்த் திருவிழா துவான், தண்ணீருக்கு நன்றி சொல்கிறார்கள் என்றான். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போய், அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். ஜனம் பதிலுக்குக் கும்பிட்டது.

ஆவணியில் ஒரு காலைப் பெரட்டில் கிராணியார் முடிவை வாசித்தார். மூன்றாம் டிவிஷன் ஆற்றுத் தண்ணீர் இந்தத் தோட்டத்திலேயே முதல் தரம். நடுவில் சில வாரம் கருவியில் கோளாறு, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பெண்கள் வரிசையில் ரஞ்சிதம் கூடைக்கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஒரு மலையைத் தோளில் தாங்கி நிறுத்தின மாதிரி நிமிர்ந்தாள். கிராணியார் காகிதத்தைத் திருப்பினார். இரண்டாம் டிவிஷனின் கிணற்றுத் தண்ணீரில் கோழி எரு ஊறி இறங்கியிருப்பது தெரிகிறது, குடிக்க லாயக்கில்லை. ஆகவே துரை ஏற்கெனவே சொன்னபடி இரண்டாம் டிவிஷன் லயத்தை மூடிவிட்டு, ஆட்களை இங்கே மேலே கொண்டுவந்து குடியேற்றுகிறார்.

ரஞ்சிதத்துக்கு இந்தப் பக்கம் தோன்றவே இல்லை. இறங்குவதைப் பற்றியே நினைத்துக் கொண்டிருந்தவளுக்கு, ஏறி வரவும் முடியும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் திரும்பி ஆண்கள் வரிசையில் முனியாண்டியைத் தேடினாள். அவன் தன் சப்பாத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சிதம் விறகு அடுக்கி வைத்திருந்த, மறுபக்கத்துக் காலி வீட்டின் சாவி, ஜெயாவுக்காக முந்தின நாளே அவன் கைக்கு வந்திருந்தது.

லோரியில் பாத்திரம் பண்டம், கோழிக்கூண்டு, சாமிபடம், மகள் எல்லாவற்றோடும் ஜெயா வந்து இறங்கினாள். மறுநாள் காலை குழாயடிக்குக் குடத்தோடு வந்தபோது ரஞ்சிதம் அங்கே இருந்தாள். மற்ற பெண்கள் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்கள். ஆத்தா வாக்கு கொடுத்திருக்கிறாள். பேசாமல் போனால் அம்மன் வாக்கு பொய்யாகும். பேசினால் பேசினதாகிவிடும். ரஞ்சிதம் தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். ஒரு அடி வைத்தாள். திரும்பினாள்.

"கொடத்த நல்லா வெளக்கிட்டுப் புடி. கவர்மெண்டே மொதத் தரம்னு சொன்ன தண்ணி."

குழாயடி முழுக்க மூச்சு விட்டது. ஜெயா அவசரப்படவில்லை. கையை ஏந்தி ஒரு வாய் தண்ணீர் பிடித்து, வாயில் அங்குமிங்கும் உருட்டி, தரம் பார்க்க வந்த அதிகாரி மாதிரி வானத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

"பரவால்ல அண்ணி. ஆனா எங்க கெணத்துத் தண்ணில பருப்பு இன்னும் சீக்கிரம் வேகும்."

"இதுலயா வேகாது? சாயங்காலம் வச்சுப் பாரு. நீ அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள எங்க வீட்டுல வெந்திருக்கும்."

"பாப்போம்லா."

அன்று சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் பருப்பு அடுப்பில் ஏறியது. இரண்டு வீட்டு விறகும் போட்டி போட்டு எரிய, லயத்துப் பெண்கள் வாசலில் கூடி நின்று, எந்த வீட்டில் முதலில் குழைகிறது என்று மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்ப்பதும், இந்தா பார் என்று சுவருக்கு மேலே நீட்டுவதுமாக இருந்தார்கள் இருவரும். வாசல்படியில் உட்கார்ந்திருந்த முனியாண்டி இரண்டு பக்கமும் பார்த்தான். இரண்டு சட்டியிலும் கொதிப்பது ஒரே குழாய்த் தண்ணீர்தான் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு, எந்த வீட்டுப் பருப்பு வெந்தாலும் தனக்குத் தட்டு வந்துவிடும் என்று தோன்ற, வாயை மூடிக்கொண்டான்.